இருபத்திரண்டு மில்லிமீட்டர்

நொய்யலில் இன்றைக்கு என்ன நிறம் என்று பார்த்து
எந்த நாட்டுக்கு ஆர்டர் போகிறதென்று சொல்வார்கள் திருப்பூரில்.
கருநீலம் ஓடினால் யாருக்கோ குளிர் வரப்போகிறது.
மஞ்சள் ஓடினால் எங்கோ பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை.

நான் நம்பியது ஒரே நிறத்தைத்தான்.
உடைத்த காங்கிரீட்டில் பினாப்தலின் தெளித்தால்
நல்ல இடம் ரோஜா நிறமாகும்.
கெட்ட இடம் பதில் சொல்லாது.

தொண்ணூற்றேழில், பட்டத்து ஆராய்ச்சிக்காக,
நாற்பது கம்பித் துண்டுகளைக் கட்டைகளுக்குள் வார்த்து
சாயப்பட்டறைகளுக்குக் கீழே ஆற்றில் இறக்கினேன்.
மாசிக்கு மாசி ஒன்றை எடுத்து, உடைத்து,
துரு தின்றது போக மிச்சம் எவ்வளவென்று எடை பார்ப்பது.
"உப்பைத்தானுங்களே தேடறீங்க?
கடையில கேட்டாக் குடுப்பாங்களே" என்றார் பட்டறைக் காவலாளி.

துரு இரும்பைவிடப் பருத்தது.
உள்ளேயிருந்து உப்பி, தன்னைப் பொத்திவைத்ததையே பிளக்கும்.
இதை முப்பது வருஷம் கரும்பலகையில் வரைந்தேன்.
வரையத் தெரிந்தவள்தான்
செம்மாங்காட்டுத் தரைப்பாலத்துக்குச் சான்று கொடுத்தேன்,
பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று.
வரைபடத்தில் கம்பிக்கு மேல் கவர் நாற்பது மில்லிமீட்டர்.
தோண்டிப் பார்க்கவில்லை.
அன்று சனிக்கிழமை. ஐம்பத்தாறு விடைத்தாள் பாக்கி.

பதினான்கு மாதம்.
ஐப்பசி மழையில், விடிவதற்கு முன், இரண்டாம் தூண் போயிற்று.
சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன சென்னியப்பனின்
வண்டியும் இரண்டு கேனும் போயின.
பாலத்தில் வண்டியைப் போட்டுவிட்டு
தீப்பெட்டி வாங்கக் கரைக்குத் திரும்பியிருந்தார் அவர்.
காப்பாற்றியது பீடி. நான் அல்ல.

தண்ணீர் வடிந்ததும் இறங்கி
உடைந்த முகத்தில் அளவுகோலை வைத்தேன்.
இருபத்திரண்டு.
மறுபக்கமும் இருபத்திரண்டு.
மூன்றாம் பக்கம் பத்தொன்பது.

அடுத்த திங்கள், மூன்றாம் வருஷம் பி பிரிவு.
என் சான்றிதழை அப்படியே பலகையில் எழுதி
மதிப்பெண் போடச் சொன்னேன்.
பலர் பயந்து எழுபது போட்டார்கள்.
கடைசி பெஞ்சு அம்சவேணி பன்னிரண்டு போட்டு
ஓரத்தில் எழுதியிருந்தாள்:
கணக்கு சரி. பாலத்தைப் பார்க்கவில்லை.
அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிறகு டெல்லியிலிருந்து பணம் வந்தது,
'மீள்திறன்' என்கிற தலைப்பில்.
கருத்தரங்குகளில் அந்தச் சொல்லை நானும் அடிக்கடி சொன்னேன்.
ஆற்றங்கரையில் கேட்பது வேறு:
"தாங்குமுங்களா?"
தாங்கும் என்று ஒற்றைச் சொல்லில் சொல்லும் தைரியம்
அதன்பின் எனக்கு வரவேயில்லை.
"தண்ணி மேல ஏறிப் போகுமுங்க. போகட்டும்.
வடிஞ்சதும் நீங்க போலாம்."

வெள்ளம் வந்தால் படுத்துக்கொள்ளும் கைப்பிடி வைத்தோம்,
ஊசியை உருவினால் மடங்குகிற மாதிரி.
செடிகொடி சிக்காது, தண்ணீர் முட்டாது.
மறுவருஷமே பாதி ஊசியைக் காணோம்.
ஆடு கட்ட வாகாக இருந்ததாம்.
அடுத்த பாலத்தில்
ஒவ்வொரு கைப்பிடிக்கும் இரண்டு ஊசி.
ஒன்று ஆட்டுக்கு.
ஆய்விதழ்க்காரர்கள் அந்த வரியை நீக்கச் சொன்னார்கள்.

இந்த மாதத்தோடு ஓய்வு.
இருப்புப் பதிவேட்டில் ஒரு எஃகு அளவுகோல்
என் பேரில் நிற்கிறதாம், 1994லிருந்து.
தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து
நாற்பத்தைந்து ரூபாய் கட்டினேன்.
அது என் கைப்பையில் இருக்கிறது.

இருபத்தெட்டுக் கம்பி எடுத்தாயிற்று.
பன்னிரண்டு இன்னும் தண்ணீரில்.
மாசியில் பஸ் பிடித்துப் போவேன்.
ஆய்வகத் தராசை இனிக் கேட்க முடியாது.
காங்கேயம் ரோட்டு நகைக்கடையில்
மில்லிகிராம் வரை காட்டுகிற தராசு உண்டு.
துருவைத் துடைத்துக் கண்ணாடி மேசையில் வைத்தால்
கடைக்காரர் என்னைப் பார்ப்பார், கம்பியைப் பார்ப்பார்.
சொல்ல வேண்டியதை இப்போதே எடுத்து வைத்திருக்கிறேன்:
சேதாரம் மட்டும் சொல்லுங்க, போதும்.